இன்னும் ஒரு தடவைக்காரர்

மனிதர்களை எப்படி வேண்டுமானாலும் இனம் பிரிக்கலாம். கடன் வாங்குகிறவர், கடன் கொடுக்கிறவர் என்பார்கள் சிலர். பேசுகிறவர், கேட்கிறவர் என்பார்கள் சிலர். அது அவரவர் சௌகரியம். எனக்குத் தெரிந்து நன்றாக ஆராயப்படாமல் விட்டுப்போன இனம் ஒன்று உண்டு. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, கையால் தொட்டுச் சுட்டுக்கொண்டு உதறியதைக்கூட, "இன்னும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்று தள்ளிவைக்கிறவர். இன்னும் ஒரு தடவைக்காரர் என்று அவருக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். நம்மைப் போல நாலு பேர் செய்கிற வேலையை ஒற்றை ஆளாகச் செய்வார். என்ன, ஒரே வேலையை நாலு தடவை செய்வார். பயந்தாங்கொள்ளியும் இல்லை. பொய் சொல்லவே மாட்டார். உண்மையையும் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

இவ்வளவு அடித்துச் சொல்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒருவரைப் பெற்றிருக்கிறேன்.

என் மகன் வீட்டுக் கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பான். மாடிப்படி பாதி இறங்கித் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்விட்டு வந்தும் இழுப்பான். ஏனடா என்றால், "ஒரு அளவு தற்செயலா இருக்கலாம்மா, ரெண்டு அளவு சண்டை போடலாம், மூணாவது வந்தாத்தான் பஞ்சாயத்து முடியும்" என்பான். கதவுக்கும் பூட்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது இழுப்பில் ஒருநாள் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. "பார்த்தீங்களா, நான் சந்தேகப்பட்டது சரிதான்" என்றான்.

மழை வந்தால் சொல்வதற்காக பால்கனியில் மூன்று சென்சார் வைத்தான். பட்டாணி அளவு, மேலே ஈரம் பட்டால் உள்ளே விளக்கு எரியும். ஒருநாள் மதியம் மழை கொட்டியது. இரண்டு சென்சார் மழை என்றது, மூன்றாவது இல்லை என்றது. என் மருமகள் உள்ளிருந்து, "ஏங்க, துணி நனையுது" என்றாள். அவன் பால்கனியில்தான் நின்றுகொண்டிருந்தான், தலையிலிருந்து சொட்டச் சொட்ட, அந்த மூன்றாவதுக்கு என்ன கோளாறு என்று திருகிக்கொண்டு. அது சரியாகி மழை என்று ஒப்புக்கொண்டபோது வெயில் அடித்தது.

மருமகளுக்கு ஒருமுறை காய்ச்சல். தொட்டால் கை சுட்டது. அவன் வெப்பமானியை வைத்தான். பிறகு வெப்பமானி சரியா என்று பார்க்க இன்னொன்று வாங்கி வந்தான். இரண்டும் ஒத்துப்போகாததால் ஐஸ் தண்ணீரில் இரண்டையும் முக்கி, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் இரண்டையும் காட்டி, ஒரு தாளில் கோடு போட்டு, அந்தக் கோட்டை நேராக்கி முடித்து அவளிடம் வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. "காய்ச்சல் இல்லையே" என்றான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கும் இவன் சம்மதம் சொல்லவில்லை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. இரண்டு பேரும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மூன்று வருஷம் ஒன்றாக காபி குடித்த பிறகு அவள்தான் கேட்டாளாம். "எனக்கும் அப்படித்தான் தோணுது, ஆனா..." என்று ஆரம்பித்தானாம். "அந்த ஆனாவ கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லுங்க" என்று அவள் தேதியை வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. அந்த 'ஆனா' இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் எந்தத் தொழிலில் இருந்தால் என்ன, வீட்டோடு போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இவர்களைத் தேடிப் பிடித்து, அறை கொடுத்து, பட்டம் கொடுத்து, 'நீங்கள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருங்கள்' என்று கும்பிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் என் மகன் சரிபார்ப்புக் குழுவுக்குத் தலைவன்.

அந்த இடத்தைப் பற்றி நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஒரு குன்றுக்கு அடியில், ஒன்பது மாடி ஆழத்தில், ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. நாம் குடிக்கிற சுத்தம் இல்லை. வாயில் விட்டால் நாக்கே ஏமாந்துபோகிற சுத்தம். தொட்டியின் சுவர் முழுக்க ஆயிரக்கணக்கில் கண்ணாடிக் கண்கள். உள்ளே கும்மிருட்டு. வானத்திலிருந்து துகள்கள் வந்தபடி இருக்கின்றனவாம். குன்றைத் துளைத்து, உங்களைத் துளைத்து, என்னைத் துளைத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் மறுபக்கம் போய்விடுகின்றன. எப்போதாவது ஒன்று தண்ணீரில் முட்டிக்கொள்ளும். அப்போது ஒரு மினுக்கம். அதைப் பார்க்கத்தான் எண்பது பேருக்கு அங்கே வேலை.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்தக் கண்களுக்கு இருட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒன்றுமே இல்லாதபோதும் எதையோ பார்த்ததாக முனகும். எது மினுக்கம், எது முனகல்? இதைப் பிரித்தெடுக்கத்தான் என் மருமகள் ஆறு வருஷம் செலவழித்தாள். ஒரு கண் தனியாக முனகினால் தள்ளிவிடு. அக்கம்பக்கத்துக் கண்கள் வரிசையாக, வெளிச்சம் தண்ணீரில் நடக்கிற வேகத்துக்குப் பொருந்த, ஒன்றன்பின் ஒன்றாக முனகினால் கவனி. கேட்க இவ்வளவுதான். ஆனால் அதற்காக அவள் ஒவ்வொரு கண்ணின் முனகலையும் தனித்தனியாகப் பழகியிருந்தாள். எது அழுத்தமானது, எது குளிர்ந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும், எது சும்மா பக்கத்துக் கண்ணைப் பார்த்துக் கத்தும் என்று. பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது வரும்.

அந்த வழியில் பார்த்தபோது, இதுவரை எந்தத் தொட்டியிலும் யார் கண்ணிலும் படாத மெல்லிய மினுக்கங்கள் நாற்பத்தொன்று கிடைத்தன. அவளே இரண்டு தடவை சரிபார்த்தாள். வேறு இரண்டு பேரை விட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், தனியாகச் சரிபார்க்கச் சொன்னாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். சரிபார்ப்பது தப்பென்று நான் சொல்லவே இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் அதில் ஒரு பங்கு.

பிறகு அது என் மகனிடம் போனது.

முதலில் லிப்ட் மேல் சந்தேகப்பட்டான். லிப்ட் மோட்டார் ஓடுவது கண்களுக்குக் கேட்கிறதோ என்னவோ. பதினோரு நாள் லிப்டை நிறுத்தினான். எண்பது பேரும் ஒன்பது மாடி இறங்கி ஏறினார்கள். மினுக்கம் பாட்டுக்கு வந்தது. லிப்ட் காரணமில்லை என்று தெரிந்தது. தண்ணீர்க் குழாய் பார்க்கிறவருக்கு இரண்டு முழங்கால் இருப்பதும் அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து வாசல் காவலாளியின் ரேடியோ.

"சார், இதுல பேட்டரியே இல்ல. சும்மா துணைக்கு வச்சிருக்கேன்."

"பரவாயில்ல. பேட்டரி இல்லாம எவ்வளவு தொந்தரவு குடுக்குதுன்னு பாத்துடுவோம்."

மூன்று வாரம் அந்த ரேடியோவை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். காவலாளி மரியாதையாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு குளிரூட்டும் பம்பு. அதற்குப் பிறகு கேண்டீன் அடுப்பு. ஒவ்வொன்றாக எல்லோரும் நிரபராதி என்று விடுதலையானார்கள். குற்றவாளி என்று மிஞ்சியது உண்மை ஒன்றுதான். அதன் மேலும் என் மகனுக்கு நம்பிக்கை வரவில்லை.

இப்படி எட்டு மாதம் ஓடியபோதுதான் கண் மெக்கானிக் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அந்தக் கண்ணாடிக் கண்களைச் செய்கிறவர், பழுது பார்க்கிறவர். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மருமகளிடம் ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நம்மள மாதிரியே தொட்டி வச்சிருக்காங்களே, அந்த ஏரிக்கரைக் கூடத்துக்காரங்களும் பிடிச்சுட்டாங்களாம். மாசக் கடைசியில அறிவிக்கப்போறாங்க."

மருமகள் காபி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எத்தன மினுக்கம்?"

"பத்தொம்போது."

"நம்மகிட்ட நாப்பத்தொண்ணு இருக்கு."

"இருந்து என்னக்கா பண்றது? முதல்ல சொன்னவங்க பேருதான் நிக்கும். நம்ம தாள்ல 'அவர்களைப் போலவே நாங்களும்'னு போட்டுக்கலாம்."

அவர் போன பிறகும் அவள் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'நாங்களும்' என்ற ஒரே ஒரு சொல். ஆறு வருஷத்தை மடித்து அதற்குள் வைத்துவிடலாம்.

இவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு முடிவை வெளியே அனுப்புவதற்கு முன்னால் எண்பது பேருக்கும் பதினான்கு நாள் சுற்றுக்கு விடவேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்கென்று கணினியில் வைத்திருக்கிற பக்கத்தில் எழுதிச் சேர்க்கலாம். பதினான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். யாரும் எழுதவில்லையென்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். மற்றவர்கள் எழுதினால் பதில் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் சரிபார்ப்புக் குழுத் தலைவர் எழுதினால் மூன்று மாதம் நிறுத்திவைத்தே ஆகவேண்டும். மருமகள் மறுநாளே சுற்றுக்கு விட்டாள்.

என் மகனும் அன்றே ஆட்சேபம் எழுத உட்கார்ந்தான்.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அவ சொல்றது பொய்னு தோணுதாடா உனக்கு?"

"இல்லம்மா."

"உண்மைன்னு தோணுதா?"

"தோணுது."

"அப்புறம் என்ன?"

"தோணுறது அளவு இல்லம்மா."

இதற்கு மேல் ஒரு தாய் என்ன கேட்க முடியும்? என் வயிற்றில் இருந்த பத்து மாதமும் அவன் இதே மாதிரி யோசித்துக்கொண்டுதான் இருந்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. பத்தாவது மாதம் முடிந்து எட்டு நாள் கழித்துத்தான் வந்தான்.

அவனுக்கு மருமகள் மேல் பொறாமையா என்று அக்கம்பக்கத்தில் குசுகுசுத்தார்கள். கிடையாது. அவள் பெயரைச் சொல்லும்போது அவன் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். இந்த இனத்தில் அதுதான் விசேஷம். யார்மீது பிரியமோ அவர்களை அதிகம் சரிபார்ப்பார்கள். பிடிக்காதவர்கள் சொன்னால் ஒரே தடவை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

பத்து நாளில் ஆட்சேபம் பதினாறு பக்கம் வளர்ந்தது. சாரம் இதுதான்: நாற்பத்தொரு மினுக்கத்தில் நாலு, வெளியே காற்றழுத்தம் குறைந்திருந்த நாட்களில் வந்திருக்கின்றன. ஒன்பது மாடிக்கு மேலே காற்று லேசானால் ஒன்பது மாடிக்குக் கீழே என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். இருந்தாலும்.

பன்னிரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு மேசையில் அதை மருமகளிடம் காட்டினான். ஒளித்துவைக்கிற ஆள் இல்லை. அவள் பதினாறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். கத்துவாள் என்று நினைத்து நான் தண்ணீர்ச் செம்பை அவள் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

"நிஜமாவா?"

"ம். நாலு நாளை வச்சுச் சொல்றீங்க, இல்ல?"

"ஆமா."

"நாலு போதுமாங்க?"

அவன் கையில் இருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

"நீங்க எத்தன உறுதியா இருக்கீங்க இதுல?"

"நூத்துக்கு... எழுபது."

"எழுபதுன்னு வேற யாராவது கொண்டாந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவ்வளவுதான் பேசினாள். சூழ்ச்சி என்று சொல்லாதீர்கள். தொழிலில் நியாயமான கேள்வி. அவன் எட்டு மாதமாக அவளிடம் கேட்ட கேள்வி. இதுவரை யாரும் அவனிடம் திருப்பிக் கேட்காததுதான் ஆச்சரியம்.

அன்று சாயங்காலமே அவன் தன் சந்தேகத்தின் மேல் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டான். பழைய காற்றழுத்தக் குறிப்புகள் ஐந்து வருஷத்துக்கு வந்து இறங்கின. காற்றழுத்தம் அளக்கிற கருவியே சரிதானா என்று கூரைமேல் இரண்டு புதுக் கருவி ஏறியது. கண் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "என் ஆட்சேபத்துல ஏதாவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டான். அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "இருக்கலாம் சார், நல்லா பாத்துடுங்க" என்றார். நல்ல மனிதர்.

பதினான்காம் நாள் அவன் வீட்டில் இருந்தே வேலை பார்த்தான். மருமகள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்ப் பாதி வழியில் திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டாள். நாலரை மணிக்கு எழுபது எழுபத்தொன்று ஆகியிருந்தது. அனுப்பலாமா வேண்டாமா? ஐந்துக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி அறுபத்தொன்பது. எனக்கும் இரண்டு பக்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை ஒரு பக்கம், அவன் கையால் அவள் கழுத்தை அறுத்துவிடக்கூடாதே என்பது ஒரு பக்கம்.

"மணி என்னம்மா ஆச்சு?" என்றான்.

"சுவத்துல தொங்குதே, பாரு."

பார்த்தான். ஐந்துக்கு ஆறு நிமிஷம்.

"இது சரியான டைம்தானாம்மா?"

 நான் என்ன சொன்னாலும் அதை ஓர் அளவாக எடுத்துக்கொள்ள மாட்டான். கைபேசியைப் பார்த்தான். அது ஐந்துக்கு நாலு. கணினியின் மூலையைப் பார்த்தான். ஐந்துக்கு மூன்று. மூன்றும் மூன்று மாதிரி சொன்னதும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பழகிய வேலை கைக்கு வந்துவிட்டதல்லவா? நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, பின்பக்கம் திறந்து, எங்கிருந்தோ நேரம் சொல்கிற எண்ணுக்குப் போன் போட்டு, அந்தப் பெண்குரல் சொல்வதைக் கேட்டு முள்ளைத் திருப்பி, இன்னும் ஒரு தடவை போன் போட்டு, மறுபடியும் கேட்டு, கடைசியில் கடிகாரத்தை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினான்.

"இப்ப கரெக்டும்மா" என்றான்.

கரெக்டாக ஐந்து மணி எட்டு நிமிஷம்.

அனுப்புகிற பொத்தானை அழுத்தினான். பக்கம் மூடிவிட்டது என்று வந்தது. நிஜமாகவே மூடிவிட்டதா என்று இரண்டாவது தடவை அழுத்தினான். மூன்றாவது தடவையும் அதுவே வந்தது. அதன் பிறகு அவன் அதை ஒப்புக்கொண்டான். என் மகன் ஒரு விஷயத்தை முழுமனதோடு ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அந்த முடிவு வெளியே போனது. ஏரிக்கரைக் கூடத்துக்காரர்கள் ஒன்பது நாள் கழித்து அறிவித்தார்கள். 'நாங்களும்' என்று அவர்கள்தான் எழுதினார்கள். கண் மெக்கானிக் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மஞ்சள் அடித்து, மருமகளிடம் கொடுத்தார். அவள் அழுதாள், சிரித்தாள், பிறகு இரண்டும் சேர்ந்து விக்கல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றழுத்தத்துக்கும் மினுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று ஏழு வாரம் கழித்து நிரூபணமானது. நிரூபித்தது என் மகன்தான். அவன் அதை மிகுந்த சந்தோஷத்தோடு மேசைக்குக் கொண்டுவந்து, "உன்னோடது இப்ப கொஞ்சம் பலமாயிடுச்சு" என்று அவளிடம் கொடுத்தான். அவன் அன்பு வைக்கிற விதம் அது. அவளும் அப்படியே வாங்கிக்கொண்டாள். அவள் கெட்டிக்காரி என்று முன்பே சொன்னேன்.

வாழ்த்துச் சொல்ல யாராவது போன் செய்தால் அவன்தான் எடுப்பான். "ஆமா, ஒரு விதத்துல கண்டுபிடிச்ச மாதிரிதான்" என்பான்.

சரி, படித்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. பால்கனியில் நனைந்துகொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நீங்கள் அந்த ரகம் இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதும், ஆளைச் சொல்லிவிடுவீர்கள், அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பினதே கிடையாது. வீட்டில் ஒருத்தரிடம் நல்ல வார்த்தை ஒன்று சொல்லவேண்டும் என்று நினைத்து, அதற்குச் சரியான நேரம் வரட்டும் என்று நாலு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. அப்படித்தானே?

ஆமாம் என்று உடனே சொன்னவர்கள் எழுந்து தங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம். 'அந்த இடத்தில் சரியாக என்ன சொன்னாள்' என்று மேலே போய் முதல் பத்தியிலிருந்து திரும்பவும் படிக்க ஆரம்பித்தவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு என் அனுதாபத்தைத் தெரிவிக்கவேண்டும்.